விளக்கு அணைந்த விமானம் இரவில் எப்படித் தெரியும்?

(எஸ்.பி.எம். இயற்பியல், படிவம் 5: குவாண்டம் இயற்பியல்)

பூச்சோங்கில் இரவு அண்ணாந்து பார்த்தால் விமானம் சுலபமாகத் தெரியும். இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. இதையெல்லாம் அணைச்சிட்டா?

அப்படியும் நடந்திருக்கு. 2007 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின், விடுதலைப் புலிகளின் சிறிய ‘ஸ்லின்’ விமானங்கள் இருளில் வந்து இலங்கையின் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. விமானப்படையினர் 3 பேர் இறந்தனர். ஏப்ரல் 29 அதிகாலை, மக்கள் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மறுபடியும் தாக்குதல். கொழும்பில் மின்சாரத்தையே நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட இருட்டில் பார்க்க இரண்டு வகைக் கருவிகள் உண்டு. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். கவனமாகப் பிரித்துப் பாருங்கள்.

1. ஒளிபெருக்கிக் கருவி

இது புதிதாக ஒளியை உண்டாக்காது. விமானத்தில் பட்டுத் திரும்பும் நிலவொளி, நட்சத்திர ஒளி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு (சுமார் 900 நானோமீட்டர் வரை) ஆகியவை ஒளி உணரும் தகட்டில் பட்டு எலக்ட்ரான்களை வெளியேற்றும். இதுதான் ஒளிமின் விளைவு. அந்த எலக்ட்ரான்கள் பல ஆயிரம் மடங்காகப் பெருகித் திரையில் மோதும்போது பச்சை நிறப் படம் தெரியும்.

2. வெப்பப் படக்கருவி

சூடான இயந்திரம் தானே வெளிவிடும் அகச்சிவப்பை (பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர்) இது உணரும். நிலவே இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

ஏன் ஒரே தகடு இரண்டுக்கும் போதாது?

ஃபோட்டான் ஆற்றல் = பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம் ÷ அலைநீளம்

900 நானோமீட்டர்: சுமார் 2.2 × 10⁻¹⁹ ஜூல்
10 மைக்ரோமீட்டர்: சுமார் 2.0 × 10⁻²⁰ ஜூல்

இரண்டாவது ஃபோட்டானின் ஆற்றல் ஏறக்குறைய 11 மடங்கு குறைவு. தகட்டின் வெளியேற்று ஆற்றலைத் தாண்டாது. எத்தனை ஃபோட்டான் விழுந்தாலும் எலக்ட்ரான் வராது. அதனால்தான் பல வெப்பப் படக்கருவிகள் எலக்ட்ரானை எதிர்பார்ப்பதில்லை. கதிர் பட்டு நுண்ணிய உணரி சூடாகும், மின்தடை மாறும், அந்த மாற்றமே படமாகும்.

வரம்புகள்

அடர்ந்த மேகம் இரண்டையும் மறைக்கும். ஒளிபெருக்கிக் கண்ணாடியில் சுமார் 40 பாகை மட்டுமே தெரியும். பரந்த வானில் எந்தத் திசையில் பார்ப்பது என்று முதலில் ரேடாரோ காதோ சொல்ல வேண்டும். ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தின் வெப்பமும் ஜெட்டைவிடக் குறைவு.

பயிற்சிக் கேள்வி: முற்றிலும் இருண்ட அறையில் எந்தக் கருவி ஓர் ஆளைக் காட்டும்? ஏன்?

குறிப்பு: “வெப்பப் படக்கருவி” என்று மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க. பெருக்குவதற்கு அங்கே ஒளியே இல்லை, ஆனால் உடல் தானே அகச்சிவப்பை வெளிவிடுகிறது என்ற காரணத்தையும் எழுதுங்கள்.