பாதியில் நின்ற நகல்

சேலம், நாமக்கல் பகுதி நாளிதழ்களில் ஒரு மூலையில் வரும் செய்தி ‘நாளைய மின் நிறுத்தம்’. துணை மின் நிலையத்தின் பெயர், அதைச் சார்ந்த ஊர்கள், காலை 9 மணி முதல் பிற்பகல் வரை என்ற நேரம். விசைத்தறிக்காரர்களும் மாவு மில்காரர்களும் அதைத் தவறாமல் பார்ப்பார்கள். கணினியில் கணக்கு வைத்திருப்பவர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வரி ஆலோசகனான நானும் ஒரு நாள் வரை பார்க்காதவன்தான்.

நாமக்கல்லில் லாரி போக்குவரத்து அலுவலகம் ஒன்றின் கணக்குகளை நான் கவனித்து வந்தேன். ஓட்டுநர்களுக்குக் கொடுத்த முன்பணம், டீசல் செலவு, சுங்கக் கட்டணம், வண்டி திரும்பியதும் தர வேண்டிய படி அனைத்தும் ஒரே கணினியில் இருந்தன. அடுத்த அறையிலிருந்த இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக நாள்தோறும் காப்பு நகல் சென்றது. இரவில் கணினிகளை அணைத்துவிடுவதால், அலுவலகம் திறக்கும் காலை 9 மணிக்கு நகலெடுக்குமாறு அமைக்கச் சொன்னது நான்தான். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நேரமும் அதுவே என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்று நகலெடுப்பு தொடங்கிய சில நிமிடங்களில் மின்சாரம் நின்றது. இரு கணினிகளும் யுபிஎஸ் துணையில் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இணைக்கும் சிறிய ஸ்விட்ச் பெட்டியோ சுவரிலிருந்த சாதாரண பிளக்கில் இருந்தது. அது அணைந்ததும் நகல் அறுந்தது. யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து கணினிகள் அணைந்தன. பிற்பகலில் மின்சாரம் வந்தபோது கணக்கு இருந்த கணினியின் வன்தட்டு இயங்கவில்லை. நகலைத் திறந்தோம், திறக்கவில்லை. முந்தைய நாளின் நல்ல நகல் எங்கே என்று உரிமையாளர் கேட்டார். அதே பெயரில் அதன்மேலேயே புதிய நகலை எழுதச் செய்திருந்தோம்.

நகலெடுக்கும்போது கணினி அணைந்தால் மூலக் கோப்பு கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நேர்வதில்லை. அது வாசிக்கப்பட மட்டுமே செய்கிறது. ஊறு நேர்வது சென்று சேரும் இடத்தில். தரவு வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கும், அங்கிருந்து கேபிள் வழியே மறு கணினியின் நினைவகத்துக்கும், பிறகே அதன் வட்டுக்கும் செல்கிறது. ‘எழுதியாயிற்று’ என்று மறுமுனை சொல்லும் வேளையில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கக்கூடும். மின்சாரம் போனால் அந்தப் பகுதியும் போகும். சில மென்பொருள்கள் கோப்பின் முழு அளவுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடுகின்றன. அதனால் பாதியில் நின்ற கோப்பும் பெயரிலும் அளவிலும் முழுக் கோப்பைப் போலவே தெரியும்.

இன்றைய இயங்குதளங்கள் எழுதவிருக்கும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கின்றன என்பது உண்மை. அது காப்பது பெரும்பாலும் கோப்பு அடுக்கின் ஒழுங்கை. கோப்பின் உள்ளே இருப்பது முழுமையா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. இவ்விடத்தில் நம் ஏடுகள் நேர்மையானவை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அச்சில் அந்த இடங்கள் புள்ளிகளாக நிற்பதால் குறை இருப்பதை எவரும் அறியலாம். கணினிக் கோப்பில் புள்ளி வைப்பவர் இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் ஏறத்தாழ 77 டெராபைட் அளவிலான 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. அங்கே மின்தடை ஏதும் இல்லை. காப்பு நகல் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய பதிப்பை எழுதினார்கள். பாதியிலிருந்து புதிய வடிவில் ஓடிய நிரல், பழைய பதிவேடுகளை மட்டும் நீக்குவதற்கு மாறாக ஆய்வாளர்களின் கோப்புகளையே நீக்கியது. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்கவே இயலவில்லை.

நம் சட்டமும் நகலை வலியுறுத்துகிறது. மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் காப்பு நகல் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி ஆவணங்களை, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். ஆனால் அலுவலகங்களில் நகல் என்பது கோப்பின் பெயரும் தேதியுமாகச் சுருங்கிவிடுகிறது. இருபதாண்டுத் தொழிலில், ஒரு நகலைத் திறந்து காட்டுங்கள் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை.

நல்ல மென்பொருள்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கின்றன. 1996இல் வெளிவந்த ‘ஆர்சிங்க்’ என்ற கட்டற்ற மென்பொருள், வரும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்து சேர்ந்த பின்னரே பழையதன் பெயரை அதற்கு இடுகிறது. இடையில் அறுந்தால் தற்காலிகக் கோப்புதான் வீணாகும். பழையது அப்படியே இருக்கும். இந்த வசதி இல்லாதவர்கள் நாளொரு பெயரில் ஏழு நாள் நகல்களையாவது வைத்திருக்கலாம். கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் கோப்பை நேரடியாக நகலெடுப்பதும் ஆபத்தே. ஒரு பக்கம் பழைய பதிவும் மறுபக்கம் புதிய பதிவுமாக ஒட்டாத கோப்பு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தை வீழ்த்தக்கூடிய அதே மின்தடைதான் நகலையும் அறுக்கிறது. ஆகவே ஒரு நகலாவது அந்தக் கட்டடத்தின் மின்சாரத்தோடு தொடர்பற்று இருக்க வேண்டும்.

எங்கள் கணக்கை மீட்க இரண்டு மாதங்கள் ஆயின. சரக்கு ரசீதுகளையும் டீசல் பில்களையும் கொண்டு வரவு செலவை ஓரளவு கட்டினோம். ஓட்டுநர்களின் பாக்கிக்குச் சான்று இல்லை. குவாஹாட்டி சென்று திரும்பிய ஓட்டுநர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த சிறு நோட்டை எடுத்து வைத்தார். அவர் எழுதியிருந்த தொகையையே உரிமையாளர் ஏற்றார். நோட்டு வைத்திருக்காத மூவர் தங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல இயலாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு சென்றார்கள்.

இப்போது ஸ்விட்ச் பெட்டியும் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. நகலெடுப்பு மாலை 5 மணிக்கு நடக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, நகல்களில் ஒன்றை வேறொரு கணினியில் திறந்து, ஏதேனும் ஓர் ஓட்டுநரின் பாக்கித் தொகையை அவருடைய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.