லேசருக்கு முன் குடை

ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொருமுறை, நண்பகலில் சென்னையின் நேர் உச்சிக்குச் சூரியன் வந்து நிற்கிறது. நட்டுவைத்த கம்பத்தின் நிழல் பக்கவாட்டில் சாயாமல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். பள்ளி மாணவர்களுக்கு இது 'நிழலில்லா நாள்' என்ற வானியல் வேடிக்கை. தோல் மருத்துவர் இதிலிருந்து படிப்பது வேறு: புற ஊதாக் கதிர் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி, நம் முகத்தில் முழு வலிமையோடு விழுகிற ஊரில் நாம் குடியிருக்கிறோம்.

அதே ஊரில்தான் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பெரிய சாலையில் நடந்தாலும் 'ஸ்கின் அண்ட் லேசர் கிளினிக்' பலகை கண்ணில் படுகிறது. கல்யாணப் புடவை எடுக்கப் பாண்டி பஜாருக்கு வரும் குடும்பத்துக்கு 'பிரைடல் பேக்கேஜ்' காத்திருக்கிறது. பெண்ணுக்கு லேசர் டோனிங், அம்மாவுக்கு ஆன்டி-ஏஜிங். "இப்பவே லேசர் பண்ணிக்கிட்டா பின்னாடி சுருக்கம் விழாதுதானே டாக்டர்?" என்று முப்பது வயதைத் தாண்டாதவர்களும் கேட்கிறார்கள்.

நேரான பதில் இதுதான்: விழுந்த சுருக்கத்தை லேசர் ஓரளவு திருத்தும். விழாமல் காக்கும் பொறுப்பை அது ஏற்காது. அந்தக் காவலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. லேசரைவிட அவை மிகவும் மலிவு.

கிண்டியில் தெளிந்த கொலாஜன்

சுருக்கத்தின் கதை தோலின் மேற்பரப்பில் நடப்பதில்லை. மேலே இருக்கும் புறத்தோல் மெல்லியது. அதன் கீழே இருக்கும் உள்தோல்தான் முகத்துக்கு இறுக்கம் தருகிறது. அந்த உள்தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். எந்த அழகு சாதன விளம்பரத்திலும் அடிபடும் இந்தச் சொல்லுக்குச் சென்னையோடு நெருக்கமான உறவு உண்டு.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சர் சி.வி.ராமனின் மாணவர். துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியாரின் ஆதரவில், கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கொலாஜனின் அமைப்பு அப்போது உலகமெங்கும் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாத புதிர். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் (லெதர்) ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. அங்கிருந்து கிடைத்த கங்காரு வாலின் தசைநாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் முதல் வடிவத்தையும், மறு ஆண்டே திருத்திய வடிவத்தையும் வெளியிட்டார்.

மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி, முப்புரிக் கயிறு போல முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று சங்கிலிகளும் இவ்வளவு நெருங்க முடிகிறது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது இந்தக் கண்டுபிடிப்பின் நினைவாகத்தான்.

இந்த அமைப்பு தெரிந்தால் ஒரு விளம்பரத்தின் சாயம் உடனே வெளுக்கும். ஒரு கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதற்கு ஒரு பொருள் ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது மருந்தியலில் புழங்கும் பொதுக் கணக்கு. 'கொலாஜன் க்ரீம்' தடவினால் ஈரப்பதம் கிடைக்கும். அதில் உள்ள கொலாஜன் உள்தோலுக்குப் போய்ச் சேராது.

வெயில் செய்யும் வேலை

புற ஊதாக் கதிரில் நம்மை எட்டுபவை இரண்டு வகை. 'பி' வகை தோலை எரிச்சலூட்டிக் கருக்க வைக்கும். வெயில் சுடுகிறது என்று நமக்கு உடனே தெரியும். 'ஏ' வகை அப்படிக் காட்டிக்கொள்ளாது. அது உள்தோல் வரை இறங்கும். அங்கே கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். புதிய கொலாஜன் உருவாவதையும் குறைக்கும். மேகம் மூடிய நாளிலும் அது வரும். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியையும் ஊடுருவும்.

2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் ஒரு லாரி ஓட்டுநரின் படத்தை வெளியிட்டது. வயது 69, 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடப்பக்க முகத்தில் ஆழமான வரிகள், தடித்துத் தொங்கிய தோல். வலப்பக்க முகமோ பல ஆண்டுகள் இளையவருடையது போல இருந்தது. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே மரபணு. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஜன்னல் மட்டுமே. நம் ஊரில் கார் ஓட்டுபவருக்கு இது வலது கன்னத்தின் கதை. ஆட்டோ ஓட்டுநருக்கும் ஸ்கூட்டரில் போகிறவருக்கும் கண்ணாடிகூடக் கிடையாது.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பது பெரிய வரம். மிகக் கறுத்த தோலின் இயற்கைப் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் எஸ்.பி.எஃப். கணக்கில் 13 அளவுக்கு உண்டு என்றும், வெள்ளைத் தோலுக்கு அது 3-ஐ ஒட்டியதுதான் என்றும் 1979-ல் ஓர் ஆய்வு அளந்தது. தமிழர் நிறம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில். அதனால் ஐரோப்பியர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே விழுகிறது. ஆனால் வெயிலின் பாதிப்பு நம்மிடம் வேறு உருவில் முதலில் தலைகாட்டும்: கன்னத்தில் மங்கு, நெற்றி ஓரத்தில் கருமை, கண்ணைச் சுற்றி நிழல், திட்டுத் திட்டான நிறம். "வயசான மாதிரி தெரியுது" என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை வரியைவிடக் கரும்புள்ளியாகவே இருக்கும்.

ஒளியால் செய்யும் காயம்

முதல் லேசரை 1960-ல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். நான்கே ஆண்டுகளில், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இன்று சுருக்கத்துக்கும் பருத் தழும்புக்கும் கிளினிக்குகளில் பயன்படுவதில் முக்கியமானது அந்த லேசர்தான்.

லேசர் தோலில் எதைத் தேடிப் பிடிக்கும் என்பதை அதன் அலைநீளம் தீர்மானிக்கிறது. சில அலைநீளங்களை மெலனின் உறிஞ்சும், சிலவற்றை ரத்தச் சிவப்பணு உறிஞ்சும், சிலவற்றைத் தண்ணீர். சரியான அலைநீளத்தை மிகக் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால் இலக்கு மட்டும் சூடாகும். அந்தச் சூடு பக்கத்தில் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் 'சயின்ஸ்' இதழில் வகுத்துத் தந்த இந்தக் கொள்கைதான் தோல் லேசர்களின் அடித்தளம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத் தோலிலுள்ள தண்ணீர் உறிஞ்சி, நொடியின் சிறு பகுதியில் ஆவியாகிறது.

முதலில் முகத்தின் மேல்தோல் முழுவதையும் இப்படிச் சீவினார்கள். வரிகள் நன்றாக மறைந்தன. ஆனால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று, நிறமும் கெட்டது. 2004-ல் வந்த 'ஃபிராக்‌ஷனல்' முறை அதை மாற்றியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்துளைகளை இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். இடையில் இருக்கும் நல்ல தோல் காயத்தை விரைவாக மூடுகிறது. காயம் பட்டதாக உணர்ந்த உள்தோல் புதிய கொலாஜனை நெய்கிறது. முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதங்கள் பிடிக்கும்.

ஒரு சிட்டிங் எப்படி இருக்கும்? மரத்துப்போகும் க்ரீமை முகத்தில் அப்பி முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். கண்ணுக்கு மூடி. மருத்துவரும் உதவியாளரும் கண்ணாடி அணிவார்கள். கருவியின் முனை தோலில் பட்டு நகர, ஒவ்வொரு இடத்திலும் சதுரக் கட்டமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள் விழும். முடி கருகியது போன்ற வாடை வரும். புகையை உறிஞ்ச ஒரு குழாய் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் முகம் சிவந்து எரியும். மூன்றாம் நாள் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்புறம் பழுப்பாக உதிரும். அதைக் கையால் உரிக்கக் கூடாது. இந்த நாட்களில் வெயில் படுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

காக்கும் நிறமே சிக்கலும்

வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் அதே மெலனின், லேசர் அறையில் சிக்கலாகிறது. காயம் பட்ட இடத்தில் கருமை படிவது நம் தோலின் இயல்பு. கொசு கடித்த தழும்பும் பரு போன தடமும் மாதக்கணக்கில் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். லேசர் காயத்துக்கும் தோல் அப்படித்தான் பதில் சொல்லும். வெள்ளைத் தோலுக்கு வகுத்த ஆற்றலை நம் முகத்தில் அப்படியே செலுத்தினால், சுருக்கம் குறைந்து, கட்டம் கட்டமாகக் கருமை மிஞ்சும்.

மெலனினை நேரடியாகக் குறிவைக்கும் கருவிகளில் அபாயம் இன்னும் கூடுதல். அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். அதனால்தான் முடி நீக்கத்துக்கு 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டைவிட 1,064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது. 'ஐ.பி.எல்.' லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. அறியாத கை அதை இயக்கினால் கன்னத்தில் பட்டை பட்டையாகச் சூடு விழும். மங்குக்குச் செய்யும் 'லேசர் டோனிங்' அளவு மீறினால் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். நிறுத்தினால் மங்கு பெரும்பாலும் திரும்பி வரும். பிறவி நிறத்தை மாற்றித் தருவதாக யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புருவத்தைச் சுளிக்கும்போது விழும் கோடு தசையின் வேலை. அதற்கு போடாக்ஸ் ஊசி பலிக்கும், லேசர் அவ்வளவாகப் பலிக்காது. தோல் தொங்கினால் ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் கருவிகள் உண்டு. ரேடியோ அலைக்கு மெலனின் இலக்கு இல்லை என்பதால், ஊசி முனை வழியே அதைச் செலுத்தும் முறையை நம் நிறத்துக்கு மருத்துவர்கள் பலர் விரும்புகிறார்கள்.

நாற்காலியில் உட்காரும் முன்

கருவியை இயக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற பட்டம் பெற்றவரா? பெயர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா? எந்த லேசர், என்ன அலைநீளம்? காதோரம் சின்ன இடத்தில் டெஸ்ட் பேட்ச் போட்டுச் சில வாரங்கள் பார்ப்பார்களா? தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டோரக் கொப்புளம், சாப்பிடும் மாத்திரைகள், கர்ப்பம் ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் கேட்கிறார்களா? இதையெல்லாம் விசாரிக்காமல் "இன்னிக்கே பண்ணிக்கலாம், ஆஃபர் நாளையோட முடியுது" என்று சொல்லும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக எந்த லேசரும் வேண்டாம்.

மலிவான மருந்து

சுருக்கத்தைத் தடுக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரத்து ஆய்வு. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரில் ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் தடவினார்கள். மற்றவர்கள் தோன்றியபோது தடவினார்கள். நாலரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. முடிவு 2013-ல் வெளியானது.

எஸ்.பி.எஃப். 30 போதும், அது 'பி' கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. 'ஏ' கதிருக்கு டப்பாவில் 'பி.ஏ.+++' இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தேவை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் தடவ வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூடக் கருமையைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் அவர்களுக்கு நல்லது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் இந்த இடத்தை நிரப்பாது. சிகரெட்டை விட்டால் கொலாஜன் மிஞ்சும். இரவில் தடவும் ரெட்டினாய்டு க்ரீம் மெல்லிய வரிகளைக் குறைக்கும் என்பது 1980-களிலிருந்து தெரிந்த உண்மை. மருத்துவர் சொன்ன அளவில் தொடங்குங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

கடற்காற்று சில்லென்று வீசுகிறது என்பதற்காகப் புற ஊதாக் கதிர் குறைந்துவிடாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் குடை பிடிக்க வேண்டிய நேரம். ஐந்து ஆண்டுகள் சன்ஸ்கிரீனும் குடையும் விடாமல் பழகிவிட்டு, அதற்குப் பிறகும் வரி உறுத்தினால் தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் லேசரைப் பற்றிப் பேசுங்கள். அந்த வரிசையை மாற்றிச் செய்தால், செலவழித்துச் சரிசெய்த முகத்தை அடுத்த கோடையே பழையபடி ஆக்கிவிடும்.