எம்டிஎம்ஏ போதைப்பொருள்: தொடர் பயன்பாட்டால் இழப்பது என்ன? சிகிச்சைக்கு வழி என்ன?

நெய்யாற்றின்கரை: கேரள - தமிழ்நாடு எல்லையில் உள்ள அமரவிளை, களியக்காவிளை பகுதிகளில் பிடிபடும் போதைப்பொருள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கிராம் கணக்கோடும் கைதோடும் முடிந்துவிடுகின்றன. அப்பொருளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர் எதை இழக்கிறார் என்பது அவற்றில் இடம்பெறுவதில்லை.

அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை பகுதிகளைத் தேசிய நெடுஞ்சாலை 66 களியக்காவிளையுடன் இணைக்கிறது. கல்வி, வேலை, மருத்துவம் என இரு மாநில மக்களும் நாள்தோறும் எல்லை கடக்கும் வழி இது. எனவே, இது ஒரு மாநிலத்தின் சிக்கல் மட்டுமன்று.

மூளையில் நிகழ்வது என்ன?

எம்டிஎம்ஏ, ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில் 1912-ஆம் ஆண்டு முதன்முதலில் தயாரிக்கப்பட்ட செயற்கை வேதிப்பொருள். மனநிலை, உறக்கம், பசி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் செரோடோனினை இது சில மணி நேரத்தில் பெருமளவில் வெளியேற்றிவிடுகிறது. அடுத்த சில நாட்களில் சோர்வு, எரிச்சல், உறக்கமின்மை, மனத்தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன.

தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு முதலில் கிடைத்த இன்பம் குறைகிறது; அதை ஈடுகட்ட அளவைக் கூட்டுகின்றனர். ஆனால், பின்விளைவுகள் குறைவதில்லை. நீண்டகாலம் மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் நினைவாற்றல் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பலர் மதுவையும் கஞ்சாவையும் சேர்த்தே பயன்படுத்துவதால், எந்தப் பாதிப்பு எதனால் வந்தது எனப் பிரித்தறிவது எளிதன்று.

தாடை இறுக்கம், பல் தேய்மானம், இதயத் துடிப்பில் மாற்றம் ஆகியவை உடல் பாதிப்புகள். உடல் வெப்பம் அளவுமீறி உயர்வது ஒரே முறை பயன்படுத்தியவருக்கும் உயிராபத்தாகலாம். உடல் கொதிப்பு, குழப்பம், வலிப்பு, நெஞ்சுவலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, உட்கொண்டது எது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

எம்டிஎம்ஏ எனும் பெயரில் விற்கப்படுவது மெத்தாம்பெட்டமைனாக இருப்பதும் உண்டு. அது இன்னும் வலுவாக அடிமைப்படுத்தக்கூடியது. காரணமற்ற சந்தேகத்தையும் மாயக்காட்சிகளையும் உண்டாக்கக்கூடியது.

சட்டம் கூறுவது

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி எம்டிஎம்ஏ அரை கிராம் வரை சிறிய அளவு. வணிக அளவான 10 கிராம் என்றால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கும். கலப்படப் பொருளின் எடையும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நண்பர்களுக்காகச் சேர்த்து வாங்கி வருபவரும் பெரிய வழக்கில் சிக்கக்கூடும். வளைகுடா வேலைக்குக் காவல்துறைச் சான்று தேவைப்படும்போது, அந்த வழக்கு குடும்பத்தின் வருவாயையே தடுக்கும்.

மீள வழி உண்டு

வழக்குக்கு அஞ்சியே பலர் சிகிச்சையைத் தவிர்க்கின்றனர். ஆனால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்பாடு மற்றும் சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கு விசாரணையிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

கேரள அரசின் 'விமுக்தி' திட்டத்தின் கீழ் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான போதை மீட்பு மையம் நெய்யாற்றின்கரை அரசு பொது மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. எம்டிஎம்ஏ பழக்கத்தை மாற்றவென்று தனி மருந்து இல்லை. உளவியல் ஆலோசனையும், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சிகிச்சையுமே அடிப்படை.

வார இறுதிக்குப் பின் நாள் முழுதும் உறங்குவது, காரணமின்றிக் கடன் கேட்பது, உடல் மெலிவது, பழைய நண்பர்களைத் தவிர்ப்பது ஆகியவை குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், குற்றம் சாட்டாமல் பேசுவதே முதற்படி. ஆலோசனைக்கு விமுக்தியின் 14405, தேசிய உதவி எண் 14446 ஆகியவற்றைத் தொடர்புகொள்ளலாம்.