நள்ளிரவு பன்னிரண்டு மணி பொய்யா?

பைத்தானில் நிரல் எழுதுபவர்கள் ‘இஃப் நேரம்’ என்று சுருக்கமாகச் சோதனை வைப்பதுண்டு. நேரம் குறித்திருந்தால் வேலையைச் செய், இல்லாவிட்டால் தாண்டிப் போ என்பது நோக்கம். காலை பத்து மணி என்று குறித்திருந்தால் சிக்கல் இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு என்றால் மட்டும், நேரமே குறிக்காததுபோல நிரல் தாண்டிப் போய்விடும். 2015இல் 3.5 பதிப்பு வரும்வரை இதுதான் நிலைமை.

இதன் வேர் சி மொழியில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியபோது மெய், பொய்க்கென்று தனி வகை வைக்கவில்லை. 0 பொய், மற்ற எண்கள் எல்லாம் மெய். பைத்தான் இதை இன்னும் விரித்து, காலிச் சரத்தையும் காலிப் பட்டியலையும் பொய்யில் சேர்த்தது. நேரத்தையும் நிமிடக் கணக்காகப் பார்த்ததால் நள்ளிரவு பூஜ்யமாகி, பூஜ்யம் பொய்யாகிவிட்டது.

நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதினால் வேடிக்கை கூடும். உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் கணக்கு. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், நம் நள்ளிரவு மெய்யாகிவிடும், விடிகாலை 5.30 பொய்யாகிவிடும்! பைத்தானின் ஆவணத்திலேயே இது விதியாக எழுதப்பட்டிருந்தது.

ரூபியும் லுவாவும் வேறு வழியில் போயின. அவற்றில் ‘நில்’ என்னும் வெற்று மதிப்பும் பொய்யும் மட்டுமே பொய். 0 கூட மெய்தான். ஜாவாஸ்கிரிப்ட் காலிச் சரத்தைப் பொய் என்கிறது, காலிப் பட்டியலை மெய் என்கிறது. பிஎச்பியில் "0" என்ற சரம் பொய், "0.0" என்ற சரம் மெய். படிவத்தில் ‘எத்தனை குழந்தைகள்?’ என்ற கேள்விக்கு ஒருவர் 0 என்று நிரப்பினால், ‘இந்தக் கட்டத்தை நிரப்பவும்’ என்று திரும்பக் கேட்கும் நிரலைப் பிஎச்பியில் வெகு எளிதாக எழுதிவிடலாம். பதில் சொன்னவரைப் பதிலே சொல்லாதவர் ஆக்குவது சின்னத் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. மதிப்பு இருக்கிறதா, அது பூஜ்யமா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றுக்குப் பதில் வரக் கூடாது.

ஜாவா, கோ, ரஸ்ட் மூன்றும் இந்த ஊகத்துக்கே இடம் தருவதில்லை. நிபந்தனையில் வெறும் எண்ணைக் கொடுத்தால் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே தொகுப்பி மறுத்துவிடும். பூஜ்யத்தோடு ஒப்பிட வேண்டுமானால் அதை எழுதியே ஆக வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தட்டச்ச வேண்டியிருந்தாலும் நான் இந்தக் கண்டிப்பின் பக்கம்தான்.