கயிறு, பூ, கல்

(மனக்காயம் தொடர் – 9)

தரையில் ஒரு கயிறு. பக்கத்துத் தட்டில் கொஞ்சம் பூக்கள், இன்னொரு தட்டில் சின்னதும் பெரிதுமாகக் கற்கள். கயிற்றின் ஒரு முனை, பிறந்த நாள். அங்கிருந்து வரிசையாக, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது பூ. வீடு எரிந்தது கல். தம்பி பிறந்தது பூ. அவன் காணாமல் போனது கல், தட்டில் இருப்பதிலேயே பெரிய கல். கயிற்றை முழுசாக விரிப்பதில்லை. இனி வாழப்போகும் காலத்துக்கென்று மறுமுனையைச் சுருட்டியே வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் கண்ணசைவுச் சிகிச்சையைப் பார்த்தோம். இது வேறு: 'நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி', சுருக்கமாக 'நெட்'. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் மூவரும் உருவாக்கியது. 'கதை சொல்லும் சிகிச்சை' என்று தமிழ்ப்படுத்தினால் பாட்டி வடை சுட்ட ஞாபகம் வரும். 'நெட்' என்றே இருக்கட்டும்.

'நடந்ததை மறந்துடு' என்பது நம் ஊர் வைத்தியம். ஆறாத நினைவை எப்படி மறப்பது? சுடுபாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறோம். எல்லாம் ஒரே சொல்தான். இந்த உளவியலாளர்களும் நினைவைச் சூடானது, குளிர்ந்தது என்றுதான் பிரிக்கிறார்கள். குளிர்ந்த நினைவில் தேதி, ஊர், முன்னே நடந்தது, பின்னே நடந்தது எல்லாம் இருக்கும். சூடானதில் வாடை, சத்தம், படபடப்பு, பயம். இரண்டும் ஒட்டாமல் கிடப்பதால்தான், செல்லடியில் தப்பியவருக்குத் தீபாவளி வெடிச் சத்தம் கேட்டதும் 20 வருடத்துக்கு முந்தைய பதுங்குகுழி இன்றைக்கு வந்து நிற்கிறது.

அதனால் கல் கல்லாக எடுத்துப் பேசுகிறார்கள். "கதவு எந்தப் பக்கம் இருந்தது? என்ன வாடை அடிச்சது? அப்போ உடம்பு எப்படி இருந்தது? இப்போ, இந்த நாற்காலியில, எப்படி இருக்கு?" அந்தக் கடைசிக் கேள்விதான் மருந்து என்பேன். பதற்றம் தணியும்வரை அந்தக் காட்சியைவிட்டு நகர்வதில்லை. பாதியில் எழுந்தால் சூடு அப்படியே தங்கிவிடும். சொன்னதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார்கள். விட்டதைச் சேர்ப்பார்கள். கடைசி நாளில் முழு வாழ்க்கையும் எழுத்தாகக் கைக்கு வரும்.

இப்படிச் சாட்சியமாக எழுதிவைக்கும் வழி சிலி நாட்டிலிருந்து வந்தது. பினோசேயின் ராணுவ ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களோடு வேலை செய்த எலிசபெத் லிராவும் யூஹேனியா வைன்ஸ்டைனும் 1983-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை புனைபெயர்களில்தான் வெளிவந்தது. சொந்தப் பெயரில் எழுதக்கூடிய காலமா அது!

பலன் உண்டா? உகாண்டாவின் இம்வேப்பி முகாமில் 43 சூடான் அகதிகளிடம் பரிசோதித்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. நான்கே அமர்வுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, 'நெட்' பெற்றவர்களில் 29 சதவிகிதம் பேருக்குத்தான் நோய் மீதமிருந்தது. வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 79 சதவிகிதம்.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. சுனாமி முடிந்த சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகள். பாதிப்பேருக்குக் குழந்தைகளுக்கான 'நெட்', மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து, முதல் குழுவில் 81 சதவிகிதமும் இரண்டாவதில் 71 சதவிகிதமும் மீண்டிருந்தார்கள். 31 பேரில் இந்த இடைவெளி பெரிதே இல்லை. கயிறுதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையும் உட்காரவைத்துக் கயிறு விரிக்காதீர்கள். கிளறத் தெரிந்தவருக்கு ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

(தொடரும்)