தலையைத் தாங்கும் இரு எலும்புகள்

திருப்பலியில் தலை வணங்குகிறோம். அருகில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்துச் சமாதானம் கூறுகிறோம். எண்ணிப் பாராமல் நாம் செய்யும் இச்செயல்களுக்குத் துணை நிற்பவை, கழுத்தின் உச்சியில் இறைவன் அமைத்த இரு சிறு எலும்புகள். அவற்றில் குறை இருப்பதை அறியாமையால் கைகால் வழங்காது படுக்கையில் விழுந்தோர் உண்டு. ஆதலால் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

கழுத்தில் எலும்புகள் ஏழு. முதலாவது வளையம் போன்றது. வானத்தைச் சுமந்ததாகக் கிரேக்கக் கதை கூறும் அட்லாஸ் என்பவனின் பெயரை மருத்துவர் அதற்கு இட்டனர். இரண்டாம் எலும்பிலிருந்து பல் போன்ற முளை ஒன்று எழுந்து அவ்வளையத்தினுள் நிற்கிறது. திருகையின் முளையைச் சுற்றி மேற்கல் சுழல்வது போல, இம்முளையைச் சுற்றி வளையம் சுழல்கிறது. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இங்கேதான் நிகழ்கிறது. முளை விலகாதபடி உறுதியான நார் ஒன்று அதைப் பிணைத்திருக்கிறது. அதற்குப் பின்னே செல்வது தண்டுவடம்; மூளையின் ஆணைகளை உடலெங்கும் கொண்டு செல்லும் பாதை.

சிலருக்குப் பிறவியிலேயே முளை சரிவர வளர்ந்திராது. அல்லது முதல் எலும்பு மண்டையோட்டுடன் ஒட்டியிருக்கும். அல்லது முளை மண்டையோட்டின் அடிவாயிலினுள் ஏறியிருக்கும். முடக்குவாதம், எலும்புக் காசநோய், விபத்து ஆகியவற்றாலும் பிணைப்பு தளரலாம். டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தைகளுக்கும் இந்நார் தளர்ந்திருக்கக் கூடும். பிறவிக் குறையோடு பல ஆண்டுகள் இயல்பாய் வாழ்ந்தவர், சிறு வீழ்ச்சிக்குப் பின் திடீரென நடை தளர்வதும் உண்டு.

அடையாளங்கள் எவை? குட்டைக் கழுத்து, தாழ்ந்த பிடரி மயிர்க்கோடு, சாய்ந்த தலை, பிடரி வலி ஆகியன தோன்றலாம். பின்னர்ச் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறும், செருப்பு காலிலிருந்து நழுவும், நடை தள்ளாடும், கழுத்தைக் குனிந்தால் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு முதுகில் இறங்கும். கழுத்து வலியெல்லாம் இந்நோயன்று. கைக்குழந்தையின் சாய்ந்த கழுத்து பெரும்பாலும் தசை இறுக்கத்தால் வருவது, முறையான பயிற்சியால் சீராகும். ஆயினும் எது எதுவென மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

இங்கே அச்சன்புதூர், தென்காசிப் பகுதியினர்க்கு ஓர் எச்சரிக்கை. குற்றாலம் நமக்கு நெடுந்தொலைவன்று. சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இன்பமே. ஆனால் மேற்சொன்ன அடையாளம் உள்ளவர், கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கவோ, சுளுக்கு வழிக்கவோ இடங்கொடுத்தல் கூடாது. அருவி நீர் பிடரியில் ஓங்கி அறைய நிற்பதும் தலைச்சுமை தூக்குவதும் வேண்டா. தளர்ந்த எலும்பு ஒருமுறை நழுவினாலும் தண்டுவடம் நசுங்கி, மூச்சே நின்றுவிடலாம். விபத்தில் கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காமல், தலையும் உடலும் ஒரே நேராயிருக்கக் காத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, முளைக்கும் வளையத்திற்கும் உள்ள இடைவெளியை அளப்பார். பெரியவர்க்கு அது 3 மில்லிமீட்டரையும், சிறுவர்க்கு 5 மில்லிமீட்டரையும் கடப்பின் ஐயத்திற்கு இடமுண்டு. நசுக்கம் எவ்வளவு என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். காசநோயாயின் மருந்தே முதன்மை. தளர்வு மிகுந்தால் இரு எலும்புகளையும் திருகாணிகளால் இணைப்பர். மும்பை மருத்துவர் அதுல் கோயல் தம் சக மருத்துவருடன் 1994-இல் வெளியிட்ட முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. கழுத்து முன்போல் முழுதும் திரும்பாது. ஆனால் கைகால் காக்கப்படும். நசுங்கிப் பல நாளான தண்டுவடம் முழுதும் மீள்வது அரிது. ஆகவே காலமே மருந்து.

இத்துறை நமக்கு அந்நியமன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை யாக்கோபு சாண்டி தொடங்கினார். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார்.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகள் கூனியிருந்த பெண்ணை ஆண்டவர் காண்கிறார். அவள் கேட்கவில்லை, அவரே கண்டு அழைத்தார். நம் வீட்டுப் பிள்ளையின் கழுத்து சாய்ந்திருப்பதை, பாட்டியின் கை தடுமாறுவதை நாமும் காண்போமாக. "சோம்பல்", "வயது", "தோஷம்" எனத் தள்ளிவிட வேண்டா. மருத்துவரை மதிக்கச் சீராக் ஞானநூலும் கற்பிக்கிறது. செபிப்போம், செபித்தவாறே காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.