எலி மருந்தும் பெரியப்பாவின் இதயமும்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக்கூடத்தை விட்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் அம்மாவின் ஏழு அழைப்புகள். கிள்ளானில் இருக்கும் பெரியப்பாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டதாம். நல்லவேளை, அண்ணன் உடனே 999-ஐ அழைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' இருப்பது முன்பே தெரியும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு இது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின் கொடுத்திருந்தார்கள்.

ஏன் நிறுத்தினார்? பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் ஒரு நண்பர், "எலி மருந்தையா சாப்பிடுறே?" என்று கேட்டாராம். படபடப்பும் இல்லை; நிறுத்திவிட்டார்.

நண்பர் சொன்னது பாதி உண்மை. வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. அதனால்தான் 'ஐஎன்ஆர்' ரத்தப் பரிசோதனை. பெரும்பாலானோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விட்டுவிடாமல், ஒரே அளவில் சாப்பிட வேண்டும். இந்தப் பரிசோதனை தேவைப்படாத அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளும் உண்டு. ஆனால், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின்தான்.

வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு, இதயத்தில் உறையும் கட்டிகளில் சுமார் 90 விழுக்காடு இடது மேலறையை ஒட்டிய சிறு பையில்தான் உருவாகிறது. நீண்டநாள் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பையை அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அபூர்வமாகச் சிலர் அந்தப் பையே இல்லாமல் பிறக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவரும். 'பைதான் இல்லையே, மருந்து எதற்கு?' என்று அவர்களும் தாங்களாக முடிவெடுக்கக் கூடாது. மேலறையின் வேறு இடத்திலும் ரத்தம் உறையலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றே அவர்கள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். துடிப்பு தாளம் தப்பினால், கிளினிக்கில் ஓர் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சுதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நாள் முழுக்க மைக் முன் பேசுகிறவள் நான்; "அந்த மருந்தை நிறுத்தாதீங்க, பெரியப்பா" என்ற ஒரு வார்த்தையை மட்டும் நேரத்தில் சொல்லவில்லை.